மூடுறதும் தூர்க்கிறதும்

வன்னியில் வளவு வாங்கப் போனால் முதல் கேள்வி, "கிணத்துத் தண்ணி எப்பிடி?" அதே வளவுக்குள்ள கைவிட்ட கிணறு ஏதும் கிடக்கோ எண்டு ஆரும் கேக்கிறேல்லை.

2009க்குப் பிறகு மீளக்குடியேறின எங்கட ஊர்ப்பக்கம் அப்படியான கிணறுகள் இருக்கு. கட்டு இடிஞ்சது, உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரியாமல் விட்டது. பக்கத்திலேயே புதுக் குழாய்க்கிணறு அடிச்சாச்சு. பழையதுக்கு மேல கொங்கிறீற்று மூடி, இல்லையெண்டால் ரெண்டு தகரமும் ஒரு பனங்குத்தியும். பிள்ளையள் விழாதுகள், மாடு விழாது, அவ்வளவுதான் எங்கட கணக்கு.

அந்தப் பயம் நியாயமானதுதான். 2019 ஒக்டோபரில் தமிழ்நாட்டு மணப்பாறைக்குக் கிட்ட, நடுக்காட்டுப்பட்டியில், கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்த 2 வயதுப் பிள்ளையை உயிரோட மீட்கேலாமல் போனதை நாங்களும் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்திய உச்ச நீதிமன்றம் 2010 இலேயே சொல்லியிருந்தது: கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரைக்கும் களிமண், மணல், கல் போட்டு நிரப்பவேணும் எண்டு.

ஏன் அடியிலிருந்து? கிணறு எண்டது நிலத்தடி நீருக்கு நாங்களே வெட்டிவிட்ட நேர்வழி. மண்ணுக்குள்ளால மெதுவாய் வடிஞ்சு இறங்கிற தண்ணியின்ர அழுக்குக் கொஞ்சமாவது மண்ணில் தங்கும். கிணற்றுக்குள்ளால போனால் மறிக்க ஒண்டுமில்லை. 2018 டிசெம்பரில் இரணைமடுவின்ர வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, மலசலகூடக் குழியையும் வயலுக்கு அடிச்ச மருந்தையும் கழுவிக்கொண்டு வந்த தண்ணி அந்தத் தகரங்களுக்குக் கீழ போகாமலோ இருந்திருக்கும்?

"ரெண்டு பக்கற் சீமெந்து ஊத்தி அடைச்சால் என்ன?" குழாய்க்கிணறு அடிக்கிற அண்ணா ஒராளைக் கேட்டோம். சிரிச்சார். "தம்பியவை, தண்ணிக்கு மேலயிருந்து ஊத்தினா சீமெந்து வேற மணல் வேறயாப் பிரிஞ்சு போயிடும்." குழாயை அடிமட்டும் இறக்கி, கீழயிருந்து மேல நிரப்பவேணுமாம். அதிலும் சீமெந்து இறுகேக்க கொஞ்சம் சுருங்கும். சுவருக்கும் அதுக்கும் நடுவில மயிரளவு இடைவெளி காணும், தண்ணி வழி கண்டுபிடிச்சிடும். அதாலதான் நனைஞ்சால் ஊதிப் பருக்கிற பெந்தனைற்றுக் களியையும் பாவிக்கினம்.

எண்ணெய்க் கிணறுகளில் அடைப்புக்கு மேல பாரம் வைச்சு, அழுத்தம் குடுத்துப் பார்ப்பினம். பார்த்தும் பிழைக்கும். 2010 ஏப்ரல் 20, மெக்சிக்கோ வளைகுடாவில் 11 பேர் செத்தது, தற்காலிகமாய் மூடிக்கொண்டிருந்த ஒரு கிணற்றில்தான். அடியில் போட்ட சீமெந்து தாங்கேல்லை. சோதனை முடிவையும் பிழையாய் வாசிச்சிட்டினம்.

எங்கட வளவில கிடக்கிறதுக்கு இவ்வளவு தேவையில்லை. குப்பையை எடுத்து, குளோரின் போட்டு, நல்ல மண்ணால் அடியிலிருந்து தூர்த்து, மேல களிமண்ணை இடிச்சு இறுக்கவேணும். ஆனால் குப்பை எடுக்க ஆர் இறங்கிறது? உள்ளுக்கு வெடிக்காத ஷெல் கிடந்தால்? முதலில கண்ணிவெடி அகற்றுற ஆக்களுக்குச் சொல்லவேணும். அதுக்கும் முதல் அம்மா. அது அப்பப்பா வெட்டின கிணறு, தூர்க்க விடமாட்டன் எண்டு நிக்கிறா. மாரி துவங்க முன்னம் அவவோட கதைச்சு முடிக்கவேணும்.