ஒதுக்கீடுதாரர்

அரசின் வீட்டுப் பதிவேடுகளில் புழங்கும் சொற்களில் விசித்திரமானது 'ஒதுக்கீடுதாரர்'. ஒதுக்குதல் என்றால் பங்கிட்டுத் தருதல். விலக்கி வைத்தலும் அதுவே. மழைக்கு ஒதுங்குவதும் பக்கத்தில்தான் இருக்கிறது. மூன்று அர்த்தங்களும் ஒருசேரப் பொருந்துகிறவர்கள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருக்கிறார்கள்.

குடிசை மாற்று வாரியம் 1970-ல் வந்தது. (2021-ல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆயிற்று. ஜனங்களுக்கு இன்றும் 'ஹவுசிங் போர்டு'தான்.) 1971-ல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் கணக்கில் வந்தன. 1985-ல் மேலும் 17. அதன்பின் பல பத்தாண்டுகள் அறிவிக்கப்பட்ட பட்டியல் நீளவில்லை, குடிசைகள் நீண்டன.

வீடு ஒதுக்கிய அன்று பெயர், பிளாக், கதவு எண், மாதத் தவணை எல்லாம் சுத்தமாகப் பதிவாகின்றன. வீட்டின் வாழ்க்கை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பெண்ணுக்குக் கல்யாணம், அல்லது ஆஸ்பத்திரிச் செலவு. வீடு லீசுக்குப் போகிறது: மொத்தமாக ஒரு தொகை, வாடகை இல்லை, காலி செய்யும்போது பணம் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் பத்திரத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு விற்பனை. ஒதுக்கீட்டு ஆணையின் அசல் கைமாறுகிறது. வாங்கியவர் விற்றவர் பெயரிலேயே தவணை கட்டுகிறார். வங்கிக் கவுண்டரில் அந்த ஆணையை லாமினேட் செய்து கொண்டுவந்து கடன் கேட்ட ஒருவர் சொன்னார்: "பேரு மட்டும்தான் சார் அவரோடது. வூடு என்னுது." கடன் கிடைக்கவில்லை. (நம் சேரிக் கதைகளில் வசவும் சாராயமும் தாராளம். லீசுப் பணம் பற்றி அநேகமாக ஒரு வரி கிடையாது.)

இங்கிலாந்தில் 1989 முதல் சமூக வீடுகளின் புதிய வாடகை, விற்பனை ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் நிரப்புகிறார்கள். முந்தைய வீட்டை ஏன் விட்டீர்கள் என்றுகூட அதில் கேள்வி இருக்கிறது. நாவலாசிரியன் கேட்க வேண்டிய கேள்வி. அதை இங்கே அப்படியே கொண்டுவந்தால் பலிக்காது. விற்பதும் உள்வாடகைக்கு விடுவதும் ஒதுக்கீட்டு நிபந்தனைக்கு விரோதம். உண்மை சொன்னால் வீடு போகும். ஆகவே எல்லோரும் பழைய பெயரையே சொல்கிறார்கள், எழுதுகிறவரும் தெரிந்தே எழுதுகிறார்.

2021 டிசம்பர் 27-ல் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து முன்னதாகவே வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதமில்லை. இருபத்திநாலு என்பது கதவுகளின் எண்ணிக்கை. பழைய பிளாக்குகளை இடித்துக் கட்டும் இடங்களிலெல்லாம் இதற்கு அடுத்த கேள்வி காத்திருக்கிறது: புது வீடு பெயருக்கா, குடியிருந்தவருக்கா? லீசுத் தொகையை யாரிடம் கேட்பது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் சொன்னதை அவருக்கு எதிராகச் சாட்சியமாக்க 1948-ம் வருஷச் சட்டம் இடம் தருவதில்லை. வாரிய வீடுகளுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். காலி செய்யச் சொல்லும் நோட்டீசைக் கொண்டுவரும் கையே கணக்கெடுக்கும் தாளையும் நீட்டினால், திருவொற்றியூரில் யார் வாய் திறப்பார்கள்?