மாப்பிள்ளையின் 28 நாட்

இங்கிலாந்தின் தென்கரையில் வேமத் ஊரை ஒட்டி போர்ட்லாண்டு துறைமுகம் இருக்கிறது. பாய்மர வேகப் போட்டிகள் 1972-லேயே இங்கே தொடங்கிவிட்டன. காரணம் செசில் கடற்கரை. சுமார் 29 கிலோமீட்டர் நீளமுள்ள கூழாங்கல் மேடு அது. அலையைத் தடுத்துவிடும், காற்றை விட்டுவிடும். நம் தூத்துக்குடியில் கச்சான் என்போமே, அதுபோல மேற்கிலிருந்து அடித்தால் உள்ளே தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். வேகத்துக்கு அதுதான் வேண்டும்.

போன அக்டோபரில் மாப்பிள்ளையோடு போனேன். அவருக்கு வயது 52. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம். டாக்டர் சரி என்றும் மகளுக்கு மனசில்லை. "அப்பா, நீங்க கூடப் போங்க" என்றாள். 71 வயதில் நான் போய் என்ன செய்துவிட முடியும்?

"மாமா, அந்துவான் அல்போ 2022-ல் பிரான்ஸில் 53.49 நாட் ஓடினப்போ அவருக்கு வயசு 50" என்றார், காரிலேயே. வக்கீலாகியிருக்கலாம்.

ஹெல்மெட், மிதவைச் சட்டை, கையில் ஜி.பி.எஸ். இடுப்புக் கொக்கியைப் பாயில் மாட்டிக்கொண்டு, தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து, கல்மேட்டை ஒட்டிப் பறந்தார். ஏழாவது ஓட்டத்தில் பாய் சரிந்தது. ஆளைக் காணோம். எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் பாய்க்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

கரையேறி, மூச்சு வாங்கிக்கொண்டே கருவியைக் காட்டினார். 28 நாட். மணிக்கு ஏறக்குறைய 52 கிலோமீட்டர்.

"விழுந்ததை அவகிட்ட சொல்லாதீங்க மாமா."

சொல்லவில்லை. ஆனால் என் பதிவுகளை அவள் தவறாமல் படிப்பவள்.