ஆற விடுதல்

‘எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.’ நம் வீட்டு ஆண்கள் வழிவழியாகக் கைமாற்றித் தரும் மருத்துவம் இது. முழங்கால் சிராய்ப்பில் டிஞ்சர் விடும்போதும் சொல்வார்கள், நெற்றியில் கோடாலித் தைலம் தேய்க்கும்போதும் சொல்வார்கள். பதினேழு வயதில் எனக்கு மீசை தாடி தடித்தபோது, மாமா ஒரு பச்சை பாட்டிலைக் கையில் கொடுத்து அதையேதான் சொன்னார். “சவரம் முடிஞ்சதும் ரெண்டு கையிலயும் ஊத்தி கன்னத்துல அறைஞ்சிக்க. கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சிக்க. ஆம்பளப் பையன்தானே?”

அந்த எரிச்சலுக்கு ஆண்மையோடு தொடர்பே இல்லை. சூட்டை உணரும் நரம்பு முனைகள் நம் தோலில் உண்டு. வழக்கமாக அவை 42 பாகை வாக்கில்தான் ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்லும். ஆல்கஹால் பட்டதும் அந்த எல்லை 34 பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்பின் சொந்தச் சூடே அப்போது நெருப்பாகத் தெரிகிறது. மிளகாய்க் காரத்தை உணர்வதும் இதே முனைகள்தாம். மெந்தால் இதற்கு நேர்மாறு: குளிரை உணரும் முனைகளைத் தட்டி எழுப்பும், தோல் உண்மையில் குளிர்ந்திருக்காது. எரிச்சல், குளுமை இரண்டுமே நரம்புக்குச் சொல்லப்படும் பொய்கள். கத்தி சுரண்டிய மேல்தோல் அப்படியேதான் கிடக்கும். ஆல்கஹால் அதை இன்னும் கொஞ்சம் உலர்த்தியிருக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தேடிப் படிக்கவேண்டிய கட்டாயம் எனக்கு வேலையால் வந்தது. ஒரு விடுதியின் வரவேற்பு முகப்பில் சேர்ந்திருந்தேன். ஆண்கள் தினமும் மழுங்கச் சவரம் செய்து வரவேண்டும் என்பது விதி. மூன்றாவது வாரமே என் கழுத்து முழுக்கச் சிவந்த பருக்கள். சில சீழ் கோத்தன, சில கறுத்துத் தழும்பாயின. சட்டைக் காலர் உரசும்போது கண்ணில் தண்ணீர் வரும். மேலாளர் ஒருநாள் தனியே அழைத்து, நான் முகத்தை ஒழுங்காகக் கழுவுவதில்லையா என்று கேட்டார். கிளினிக் கடிதத்தோடு போய் நின்றேன். அதைப் படித்துவிட்டு என்னைக் கிடங்குக் கணக்குக்கு மாற்றினார்கள். அங்கே தாடி வைத்துக்கொள்ளலாம், வாடிக்கையாளர் யாரும் பார்க்க மாட்டார்கள். முகப்பில் நின்றால் கிடைக்கும் கூடுதல் படி மட்டும் கிடையாது.

என் கழுத்தை முதன்முதலில் சரியாகப் படித்தவர், கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் ஒரு முடிதிருத்தும் கடையில் இருந்த அண்ணன். புதுக்கோட்டைக்காரர். எல்லாருக்கும் போல எனக்கும் படிகாரக் கல்லை நனைத்துத் தேய்க்கப்போனவர், பாதியில் நிறுத்திவிட்டார். “தம்பி, வெட்டுக்காயம்னா படிகாரம் கேக்கும். இது அது இல்ல. உங்க முடி உள்ளுக்குள்ளயே போய் குத்துது.” விரலால் கழுத்தை மேலும் கீழும் தடவிக் காட்டினார். “பாருங்க, காதுக்குக் கீழ ஒரு பக்கம் போவுது. தொண்டைக்கிட்ட வந்து சுழியுது. நீங்க எல்லாத்தையும் கீழேருந்து மேல இழுக்கிறீங்க.”

அவர் சொன்னது சரி. படிகாரம் தோலின் மேலுள்ள புரதத்தை உறையவைத்துச் சிறு ரத்தக்கசிவை நிறுத்தும், துளைகளை இறுக்கும். அதன் வேலை அதோடு முடிந்தது. எனக்கு இருந்ததற்கு மருத்துவத்தில் சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே என்று பெயர். சுருள்முடியை ஒட்ட வெட்டினால் அதன் முனை ஈட்டிபோல் கூராகிவிடும். வளரும்போது வளைந்து வந்து தோலையே துளைக்கும். உடம்பு தன் சொந்த முடியை அந்நியப் பொருளாக நினைத்துச் சண்டை போடும். அந்தச் சண்டைதான் பரு. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சண்டை ஓய்ந்த பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். 1971-இல் ஜில்லெட் இரண்டு பிளேடு ரேஸரைக் கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியை இழுக்க, இரண்டாவது அதைத் தோல்மட்டத்துக்கும் கீழே வெட்டும் என்பதுதான் அதன் பெருமை. நேர்முடிக்காரருக்கு அது வழவழப்பு. சுருள்முடிக்காரருக்கு வம்பு. அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின வீரர்களிடையே இந்தத் தொல்லை பரவலாக இருந்ததால், மருத்துவச் சான்றின் பேரில் சவரத்திலிருந்து விலக்கு பல பத்தாண்டுகளாகத் தரப்பட்டுவந்திருக்கிறது. ஒரு படையால் கொடுக்க முடிந்ததை ஒரு விடுதி முகப்பால் கொடுக்க முடியவில்லை.

அண்ணன் சொன்ன வைத்தியத்தில் மருந்து என்று எதுவுமே இல்லை. வெந்நீர்த் துண்டை முதலில் போட்டு முடியை ஊறவிடு. முடி போகும் பக்கமாகவே கத்தியை விடு, ஒரே தடவை. தோலை இழுத்துப் பிடிக்காதே. முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி எடு, தேய்க்காதே. வாசனை, ஆல்கஹால் இல்லாத களிம்பு கொஞ்சம். ஊசியால் நோண்டாதே. கடைசியாகத்தான் முக்கியமானதைச் சொன்னார்: “ஒரு மாசம் கத்தியே வைக்காதீங்க. ஆற விடணும் தம்பி.”

ஆற விடுவது என்றால் என்னவென்று பத்துமலை அடிவாரத்தில்தான் எனக்கு விளங்கியது. தைப்பூசத்தன்று ஆற்றோரம் வரிசையாக உட்காரவைத்து மொட்டை அடிப்பார்கள். தலையில் தண்ணீரைத் தெளித்து, பிளேடால் சரசரவென்று வழித்து, வெயிலில் பளபளக்கும் மண்டையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசுவார்கள். வீறிட்டு அழுத குழந்தைகூடச் சற்று நேரத்தில் அப்பா தோளில் தூங்கிவிடும். சந்தனத்தின் ஈரம் காயக் காயச் சூட்டை எடுத்துக்கொள்ளும். அந்தக் குளுமை நிஜம். ஆனால் பெரும்பாலான மொட்டைகள் புண்ணாகாமல் ஆறுவதற்குச் சந்தனத்தை மட்டும் பாராட்ட முடியாது. மொட்டைக்கு மறுநாள் கத்தி கிடையாது. வேண்டுதல் ஒருமுறைதான். அதற்குப் பிறகு எத்தனை மாதம் வேண்டுமோ அத்தனை மாதத்தையும் சாமி தந்துவிடுகிறது. என் கழுத்துக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் யாரும் தரவில்லை.

அந்த அண்ணன் இப்போது இங்கே இல்லை. பெர்மிட் முடிந்து ஊர் போனவரின் நாற்காலி நெடுநாள் காலியாகவே கிடந்தது. முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டு ஊழியரை எடுப்பது 2009 முதல் முடக்கப்பட்டிருந்தது. 2023-இல்தான் முடிதிருத்தும் கடை, ஜவுளி, பொற்கொல்லர் தொழில் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி என்று அறிவித்தார்கள். எப்போதாவது புதிய கைகள் வரலாம். ஆனால் ஒருவன் கழுத்தில் முடி எந்தப் பக்கம் சுழிகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கைக்குச் சில வருடங்களாவது பிடிக்கும்.

நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன், ஒரு மில்லிமீட்டர் விட்டு டிரிம் செய்துகொள்கிறேன். கரும்புள்ளிகளில் பாதி மறைந்துவிட்டன. வேலைக்குப் புதிதாகப் போகும் தம்பிகள் சிலர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் காலரைக் கொஞ்சம் இறக்கிக் காட்டிக் கேட்பார்கள், “அண்ணே, ஷேவ் பண்ணதும் இதுக்கு என்ன போடலாம்?”

பச்சைத் தண்ணீரையும் களிம்பையும் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: “நாளைக்கும் ஷேவ் பண்ணித்தான் வரணும்னு உன்கிட்ட சொன்னது யாருடா?”