அம்பாசிடருக்குப் பெரியப்பா மகன்

கதவின் வெளிப்புறத்தில் கைப்பிடியே வைக்காத ஒரு மோட்டார் வண்டிக்குச் சொந்தக்காரனாக இருப்பதில் உள்ள சங்கடங்களில் முதலாவது, அதைப் பழுதுபார்க்க வருகிறவர்கள் உள்ளே புகும் மார்க்கம் தெரியாமல் அதைப் பிரதட்சிணம் செய்வதை நாம் மௌனமாகப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்வதுதான். என் தாய்மாமன் வால்பாறையில் ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கி, பிள்ளையைப்போல் பேணி, கடைசியில் என் தலையில் கட்டிவிட்டுப் போன 1957-ஆம் வருஷத்து எம்.ஜி.ஏ. அத்தகைய வண்டி. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்னும் ஊரில் 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமாகச் செய்யப்பட்ட இனம் அது. பக்கத் திரையை விலக்கி, உள்ளே கையை விட்டு, அங்கே ஒளிந்திருக்கும் கயிற்றை இழுத்தால்தான் கதவு திறக்கும்.

சென்ற வருஷம் அதைக் கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் உள்ள ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். பாட்டரியின் நேர்முனையை வண்டியின் உடலோடு சேர்ப்பது அக்காலத்து ஆங்கில வண்டிகளின் சம்பிரதாயம் என்பதை அறியாத அந்த இளைஞர்கள், ஆசனத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு ஆறு வோல்ட் பாட்டரிகளையும் அகற்றிவிட்டு, புதிதாய் ஒன்றை வைத்து, இக்கால வழக்கப்படி எதிர்முனையை உடலோடு பூட்டியதில் டைனமோவின் கட்-அவுட் கருகிற்று. இஞ்சுக் கணக்கில் செய்த நட்டுகளை மில்லிமீட்டர் ஸ்பேனரால் திருகி முனை மழுக்கியதையும், கார்பரேட்டர் இரண்டையும் பளபளவென்று கழுவித் துடைத்து மாட்டியதையும் நான் பிற்பாடுதான் அறிந்தேன். அன்று முதல் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி விக்கலெடுத்தது. எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு சிறு கல்யாணம் நடத்தப் போதுமான தொகையை எழுதிக் கொடுத்தார்கள்.

புதுப்பேட்டைக்குப் போ என்றார் ஒரு நண்பர். கூவத்தின் கரையில், பழைய வண்டிகளின் கதவுகளும் கியர் பெட்டிகளும் மலைபோல் குவிந்த சந்துகளுள் ஒன்றில், வேப்பமரத்தடியில் தகரக் கூரை வேய்ந்த பட்டறை, எழுபதைக் கடந்த ஒரு பெரியவர், இரண்டு பையன்கள். அவர்கள் அவரை ‘வாத்தியாரே’ என்று கூப்பிட்டார்கள். அவர் வந்தார், வண்டியைப் பார்த்தார், பேசிக்கொண்டே பக்கத் திரைக்குள் கையை விட்டுக் கயிற்றை இழுத்தார். கதவு திறந்தது.

“இதை முன்பே பார்த்திருக்கிறீர்களா, ஐயா?”

“சோழவரம் ரேஸுக்குப் போற வண்டிக்கெல்லாம் சக்கரம் கழுவின கையி சார் இது. குந்து. இன்ஜின் நம்ம அம்பாசிடருக்குப் பெரியப்பா மகன்தான்.”

இது வாய்ச்சவடால் அல்ல. ஆஸ்டினும் மாரிஸும் 1952-இல் பி.எம்.சி. என்று ஒரே குடும்பமான பிறகு, ஒரே வார்ப்பிலிருந்து பிறந்த 1,489 ஸி.ஸி. எஞ்சின், ஆபிங்டனில் இரட்டைக் கார்பரேட்டர் பூட்டிக்கொண்டு பந்தய வண்டிக்குள் புகுந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வம்சத்தில் உத்தர்பாராவுக்கு வந்து சேர்ந்த அம்பாசிடருக்குள், மந்திரிகளையும் மாப்பிள்ளைகளையும் சுமக்கும் சாதுவாக உட்கார்ந்தது. ஆகவே இந்த அபூர்வ வண்டிக்கு வைத்தியம் தேடி நான் கடல் கடந்தெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில், வைத்தியர் மூன்று மைல் தொலைவில் டாக்ஸிகளுக்கு டேப்பட் சரிசெய்துகொண்டிருந்தார் என்பது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

எஞ்சினை அவர் பிரிக்கவில்லை. நான்கு பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். எல்லாம் வெளிறிக் கிடந்தன. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அது அடையாளமாம். பிறகு கார்பரேட்டர்களின் உச்சியிலுள்ள பித்தளை மூடியைத் திருகி எடுத்து, அதன் தண்டை விரலால் தடவி, உலர்ந்த விரலை என்னிடம் காட்டினார். அந்த எஸ்.யு. கார்பரேட்டரில், மணியைப் போன்ற கிண்ணத்துக்குள் ஒரு பிஸ்டன் காற்றின் இழுப்புக்கேற்ப ஏறி இறங்கும். அதன் நடுக்குழலில் சிறிது எண்ணெய் நின்றால்தான் அது நிதானமாக ஏறும். இல்லாவிட்டால், மிதித்தவுடன் துள்ளியெழுந்து காற்றை மிகுதியாகவும் பெட்ரோலைக் குறைவாகவும் விட்டுவிடும். கழுவியவர்கள் எண்ணெய் விட மறந்திருந்தார்கள். கல்யாணச் செலவு என்று எனக்குச் சொல்லப்பட்ட வியாதிக்கு மருந்து ஒரு கரண்டி மெல்லிய எண்ணெய்!

எனினும் அவர் அத்தோடு விடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் கார்பரேட்டரின் வாயிலும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, முதலில் முன்னதன் மூச்சையும் பிறகு பின்னதன் மூச்சையும் கேட்டார். இரண்டும் ஒரே ஸ்வரத்தில் சீறும்வரை திருகாணியைத் தொட்டுத் தொட்டு விலகினார். பையனையும் கேட்கச் சொன்னார். அவன் “ஒண்ணாத்தான் கீது” என்றான். “மறுபடி கேளு” என்றார். மூன்றாம் முறை அவன் முகம் மாறியதை நான் கண்டேன். அவனுக்கு வித்தியாசம் கேட்டுவிட்டது. இரண்டு வருஷமாக மண்ணெண்ணெயில் சாமான் கழுவியும், விளக்குப் பிடித்தும் வந்தவனுக்கு அன்றுதான் குழாய் கைக்கு வந்ததாம்.

பின் கார்பரேட்டரின் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று ஒழுகுகிறது, அது தம் வேலை அல்ல என்று சொல்லி, அடுத்த சந்து லேத்துக்காரரிடம் என்னையே அனுப்பினார். அந்த மனிதர் என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் பித்தளைக் கம்பியொன்றைக் கடைந்து புஷ் செய்து தந்தார். காசை அவரிடமே கொடுத்தேன். நடுவில் யாருக்கும் பங்கில்லை. மாலையில் வாத்தியார், கழற்றிய பழைய சாமான்கள் அத்தனையையும், ஒடிந்த வாஷர் உட்பட, ஒரு தகர டப்பாவில் போட்டு என் மடியில் வைத்தார். இந்த ஆளை நம்பலாம் என்று நான் தீர்மானித்தது எஞ்சின் சுருதி சேர்ந்தபோது அல்ல, அந்த டப்பா கைக்கு வந்தபோதுதான்.

பத்து நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தார், போனேன். டீக்கடைப் பையன் கொண்டுவந்த தட்டில் பொறை இருந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தப் பொறையின் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்து நிறம் ஒப்பிட்டார். மூன்று பொருந்தின. நான்காவதைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “பின்னாடி உள்ளதுக்கு நட்டை இன்னும் ஒரு பட்டை திருப்பணும்” என்று முனகியவாறு பானெட்டுக்குள் மறுபடி குனிந்தார். பொறையைப் பையன் தின்றுவிட்டான்.