ஆன்மாவும் அரை வயிறும்

"பாதிரிமார் வரலாற்றையா படிக்கிறீர்? பகுத்தறிவு பேசும் உமக்கு அந்த ஏட்டில் என்ன வேலை?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். கேலி கலந்த கேள்விதான். எனினும், பதில் சொல்லத் தக்க கேள்வி.

வேலை இருக்கிறது, தோழர்களே! நிறைய இருக்கிறது. கண்டறியாத நாட்டிலே, கேட்டறியாத மொழி பேசும் மக்களின் குறையைத் தம் குறையாக எண்ணி, ஆயிரக்கணக்கான இளைஞரைக் கப்பலேறச் செய்த இயக்கம் அது. எண்ணியது சரியா, செய்தது முறையா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை காணவும் ஏட்டைப் புரட்டித்தான் ஆகவேண்டும். மறுப்பதானால் படித்துவிட்டு மறுப்போம். கொள்வதானால் சோதித்துவிட்டுக் கொள்வோம். படிக்காமல் மறுப்பதும் பாராமல் கும்பிடுவதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

நாம் சிற்றூர்ப் பள்ளியொன்றின் ஆசிரியர். கல்லூரியிலே வரலாறு படித்தோம், மன்னர்கள் படையெடுத்த ஆண்டுகளை மனப்பாடம் செய்தோம், பட்டமும் பெற்றோம். கோட்டையைப் பிடித்தவர் யார் என்பது தெரிந்தது. கோட்டைக்கு வெளியே இருந்தவன் அன்று உண்டானா, அவன் மகள் எழுத்தறிந்தாளா என்பது தெரியவில்லை. அதைத் தேடிச் சென்றபோதுதான் கிறித்துவ உலகப் பரப்புப் பணியின் ஏடுகள் கைக்கு வந்தன. கோடை விடுமுறை முழுவதும் அவற்றோடு கழிந்தது. கண்டதைக் கூறுகிறோம், கருத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இங்கிலாந்திலே வில்லியம் கேரி என்றொருவர். செருப்புத் தைக்கும் தொழிலாளி. பட்டறைச் சுவரிலே, தாள்களை ஒட்டித் தாமே வரைந்த உலகப் படமொன்றை மாட்டியிருந்தார். கையிலே ஊசி, கண்ணிலே உலகம்! 1792ஆம் ஆண்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதிலே நாடு நாடாக அட்டவணை: நாட்டின் பெயர், நீளம், அகலம், மக்கள் தொகை, கடைசிக் கட்டத்தில் மதம். உலக மக்கள் 73 கோடியே 10 இலட்சம் என்று கணக்கிட்டார். அவர்களில் 42 கோடிப் பேர் இருளில் கிடப்பதாகவும் எழுதினார். 'இருள்' என்று அவர் சொன்னது கிறித்து பெயரை அறியாமையை.

செருப்புத் தைத்த கை உலகத்தை அட்டவணையிட்டது கண்டு வியந்தோம். ஆனால், அந்த அட்டவணையை மீண்டும் பாருங்கள். நீளத்துக்குக் கட்டம் உண்டு, அகலத்துக்கு உண்டு, மதத்துக்கு உண்டு. பசிக்குக் கட்டம் இல்லை. நோய்க்குக் கட்டம் இல்லை. கல்லாமைக்குக் கட்டம் இல்லை. ஆன்மாவை எண்ணினார்கள், அரை வயிற்றை எண்ணவில்லை!

அடுத்த நூற்றாண்டில் இது ஒரு பெரும் படிப்பாகவே வளர்ந்தது. 1886ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மவுண்ட் ஹெர்மன் என்னுமிடத்தில் மாணவர்கள் கூடினார்கள். 100 பேர் அயல்நாட்டுப் பணிக்குப் போவதாக உறுதி பூண்டார்கள். அதிலிருந்து பிறந்த மாணவர் தொண்டர் இயக்கம், பின் வந்த ஆண்டுகளில் 20,000 பேருக்கு மேல் கடல் கடக்கச் செய்தது. கல்லூரிதோறும் படிப்பு வட்டங்கள் நடந்தன. ஜேம்ஸ் டென்னிஸ் என்பார் 1897 முதல் 1906 வரை மூன்று பெருந்தொகுதிகள் எழுதினார். கிறித்துவரல்லாத உலகின் சமூகக் கேடுகளை அவற்றிலே வரிசைப்படுத்தினார். இந்த நாட்டுச் சாதிமுறை அந்த வரிசையிலே இருந்தது. குழந்தை மணம் இருந்தது. இருந்தவை பொய்யல்ல, நாமும் அவற்றைச் சாடுகிறவர்களே. ஆனால், கேட்கிறோம்: கிறித்துவ உலகின் சமூகக் கேடுகளுக்கு ஒரு தொகுதி எங்கே? அமெரிக்காவில் மனிதனை ஏலம் போட்ட சந்தை 1865இல்தானே முற்றாக மூடப்பட்டது! பிறர் முதுகின் அழுக்கைப் பார்த்தவர், தம் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சீனத்தின் கதை இன்னும் கசப்பு. குட்ஸ்லாப் என்ற பாதிரியார் 1832இல் அபினிக் கப்பலிலே மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். ஒரு பக்கம் அபினிப் பெட்டி இறங்கிற்று. மறு பக்கம் வேதத் துண்டறிக்கை இறங்கிற்று! 1858ஆம் ஆண்டு தியான்ஜின் ஒப்பந்தம், பீரங்கியின் நிழலில் எழுதப்பட்டது. வணிகருக்குத் துறைமுகம் திறந்த அதே ஒப்பந்தம், பாதிரிமாருக்கு உள்நாட்டுக் கதவையும் திறந்தது. அன்பைப் பரப்ப வந்தவருக்கு ஆயுதம் வழிவிட்டது. சீன உழவன் இரண்டையும் ஒன்றென எண்ணினால், குற்றம் அவனுடையதா?

ஆசிரியர் என்ற முறையில் நம் நெஞ்சைச் சுட்டது கனடா. அங்கே பழங்குடிக் குழந்தைகள் ஏறத்தாழ 1,50,000 பேர், அரசின் பணத்தில் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். கடைசிப் பள்ளி 1990களில்தான் மூடப்பட்டது. தாய்மொழி பேசினால் தண்டனை! உண்மை அறியும் ஆணையம் 2015இல் தந்த அறிக்கை, இதைப் பண்பாட்டுப் படுகொலை என்றே குறித்தது. கரும்பலகை கண்ணைத் திறக்கும் என்கிறோம். அது நாக்கையும் அறுக்கும் என்பதற்குக் கனடா சான்று.

"அவ்வளவுதானே! வண்டவாளம் வெளிப்பட்டது, ஏட்டை மூடும்!" என்கிறீர்களா? பொறுங்கள். அதே ஏட்டின் அடுத்த பக்கத்தையும் படிப்பதுதான் அறிவுக்கு அழகு.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார் சீகன்பால்கு. கனடாவிலே குழந்தைகளின் மொழியைப் பறித்தார்கள். இவரோ குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1714-15இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிற்று. தமிழரின் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஆய்ந்து 1713இல் ஒரு நூலும் எழுதினார். ஆனால் ஜெர்மனியில் இருந்த அவருடைய தலைவர்கள், அழிக்கச் சென்றவர் ஆராய்வதா என்று அதை அச்சிட மறுத்தார்கள். 1867இல்தான் அது வெளிவந்தது. ஒருவன் ஒரு மக்களை உண்மையாகக் கற்கத் தொடங்கினால், அனுப்பியவர்களுக்கே அவன் அயலானாகிவிடுகிறான்!

ஆப்பிரிக்காவிலே காங்கோ. பெல்ஜிய மன்னன் லியோபோல்ட், 1885 முதல் 1908 வரை அந்நாட்டைத் தன் சொந்தத் தோட்டமாக வைத்திருந்தான். ரப்பர் பால் குறைந்தால் சவுக்கடி, கொலை, கை வெட்டு. 1904இல், துண்டிக்கப்பட்ட தன் சிறுமகளின் கையையும் காலையும் பார்த்தபடி ஒரு தந்தை அமர்ந்திருக்கும் காட்சியைப் படமெடுத்தார் ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரிப் பெண். அந்தப் படங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மேடைதோறும் காட்டப்பட்டன. கிறித்துவ மன்னனின் கொடுமையைக் கிறித்துவப் பெண் ஒருத்தியே கூண்டிலேற்றினாள். ஆன்மாவை மட்டும் எண்ணச் சென்றவள், வெட்டப்பட்ட கைகளைக் கண்டாள்; கண்டதை மறைக்கவில்லை.

இனி வேலூருக்கு வருவோம். 1890களில், திண்டிவனத்தில் ஓர் இரவு. மருத்துவராயிருந்த மிஷனரி ஒருவரின் வீட்டுக்கு மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூவர் மனைவியரும் பேறுகாலத்தில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண் மருத்துவர் வரக்கூடாது. பெண் வந்தால் போதும் என்றார்கள். அந்த வீட்டு மகள் ஐடா ஸ்கடருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர் என்று ஐடாவே பின்னாளில் கூறியிருக்கிறார். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900இல் வேலூர் திரும்பினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்.

இந்த நிகழ்ச்சியைப் பக்தர்கள் கடவுளின் அழைப்பு என்பார்கள். நாம் வேறொன்றைப் பார்க்கிறோம். அன்று மருந்து இருந்தது. மருத்துவர் இருந்தார். கூப்பிடு தூரத்தில் இருந்தார்! வழியை மறித்தது வழக்கம். மூன்று உயிரையும் கொண்டுபோனது பேறுகாலத் துன்பம் மட்டுமல்ல. பெண்ணின் உயிரைவிட வீட்டின் கட்டுப்பாடு பெரிது என்ற மடமையுங்கூட. மக்களின் தேவை என்று நாம் சொல்லும்போது சோற்றையும் மருந்தையும் மட்டும் எண்ணக்கூடாது. கிடைக்கும் சோற்றையும் மருந்தையும் தட்டிவிடும் கட்டுப்பாடுகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நம் குடும்பத்திலே ஒரு கணக்குண்டு. நம் பாட்டியின் தாய், கூலிக்காரர் வீட்டுப் பெண். அந்நாளில் அவர் தெருப் பெண்ணுக்கு ஊர்த் திண்ணையில் இடமில்லை. மிஷன் பள்ளியில் இடம் கிடைத்தது. மூன்று வகுப்புப் படித்தார். தம் பெயரைக் கோணலாக எழுதுவார். கடைக்காரன் கணக்கைத் திருத்துவார்! மதம் மாறவில்லை, பள்ளியிலே பாடிய பாட்டையும் மறக்கவில்லை. "சாமி யாராயிருந்தா என்ன, பலகையைக் கையில குடுத்தாங்கல்ல" என்பாராம். அவர் பெற்ற மூன்று வகுப்பிலிருந்து நம் பட்டத்துக்கு நேர்க்கோடு ஒன்று ஓடுகிறது. நன்றி சொல்ல நமக்கு நாணமில்லை. நன்றி சொல்வதால் கேள்வி கேட்கும் உரிமையை அடகு வைத்துவிட்டதாகவும் நாம் எண்ணவில்லை.

கேள்வி இதோ: சாதியை விட்டு ஓடியவனுக்கு அங்கே சாதி விடை கொடுத்ததா? ஆலயத்துக்குள்ளேயே தனி இடம், தனி வரிசை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைத் திருச்சபையில் உடனே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் எதிர்ப்புக் கிளம்பிற்று! பெயர் மாறிற்று, பெருமான் மாறினார், பாய் மட்டும் தனித்தனியாகவே விரிக்கப்பட்டது.

வெள்ளையருக்கும் நம்மவருக்கும் இடையிலும் ஒரு சுவர் இருந்தது. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. ஏறத்தாழ 1,200 பேராளர். ஆசியர் 20 பேருக்கும் குறைவு. உலகத்தின் தேவையைப் பேசும் மன்றத்தில், தேவையுடையோர் என்று குறிக்கப்பட்டவருக்கு நாற்காலி இவ்வளவுதான்! அங்கே பேச எழுந்தார் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த தமிழர். உங்கள் தியாகத்துக்கு நன்றி. உதவி தந்தீர்கள், நட்புத் தரவில்லையே என்ற பொருள்பட அவர் பேசினார். அவையில் சிலர் முகம் சுளித்தனர். அந்த மூன்று தொகுதிகளைவிட அசரியாவின் ஒரு பேச்சு நமக்கு அதிகம் கற்பித்தது. கொடுப்பவன் மேலே, கொள்பவன் கீழே என்றிருக்கும் வரையில் அது தொண்டு அன்று, தோரணை!

சரி, ஆன்மாவின் கணக்கை விட்டுவிட்டால் தொண்டு நடக்குமா என்று பக்தர்கள் கேட்பார்கள். நடந்தது! 1967இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மையை ஒழிக்க முழுமூச்சாக முனைந்தது. அன்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அதில் கைகோத்தன. ஊசி போட்டவன் உன் தெய்வம் எது என்று கேட்கவில்லை. 1980இல் பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அம்மை தெய்வத்தின் கோபம் என்று வேப்பிலை கட்டிய தலைமுறைகள் எத்தனை! கோபம் ஒரு குப்பி மருந்தில் தணிந்துவிட்டதே!

ஆனால் வெற்றி முழக்கத்தோடு நிறுத்திவிட முடியாது. இன்றும் உலகில் எழுத்தறியாத வயது வந்தோர் 70 கோடிக்கு மேல். மூன்றில் இரு பங்கினர் பெண்கள். பசித்திருப்போர் 60 கோடிக்கு மேல். தொழுநோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்து 1981இலேயே பரிந்துரைக்கப்பட்டும், ஆண்டுக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள். அவர்களில் பாதிக்கு மேல் இந்தியாவில். தொழுநோயர் புண்ணைக் கழுவிய பாதிரியாரை நாம் குறைகூறலாம், அவர் நோக்கத்தை ஆராயலாம். அதன்பின் ஒரு கேள்வி மிஞ்சும்: நாம் கழுவினோமா?

இதைப் படித்தபின் வகுப்பிலே ஒரு வேலை கொடுத்தோம். நம் ஊருக்கு ஓர் அட்டவணை! வீடு, ஆட்கள், எழுத்தறிந்தோர், நோயாளி, தண்ணீர் எடுக்க நடக்கும் தூரம். மதத்துக்கும் சாதிக்கும் கட்டம் வேண்டுமா என்பதை மாணவரிடமே விட்டோம். "வேண்டாம், எல்லாரும் சமம்தானே" என்றான் ஒரு மாணவன். பின் வரிசைப் பெண்ணொருத்தி எழுந்தாள். "சமம்னா எங்க தெருவுக்கு மட்டும் ஏன் ஐயா குழாய் வரல? அத எழுதலேன்னா இது யாருக்குத் தெரியும்?" என்றாள்.

கட்டம் போட்டோம். கேரியின் அட்டவணையிலும் கடைசிக் கட்டம் ஒன்று இருந்தது. அது, யாரை மாற்றுவது என்று கேட்டது. அந்தப் பெண் போடச் சொன்ன கட்டம், எதை மாற்றுவது என்று கேட்கிறது. கணக்கு முடிந்தபோது கண்டது இது: மேலத் தெருக்காரர் குழாய்க்கு நடப்பது பத்து அடி, அவள் தெருப் பெண்கள் நடப்பது அரை மைல்.

மாணவர் கையெழுத்தோடு மனு போயிற்று. பதில் இல்லை. இரண்டாம் மனுவை இந்த வாரம் அனுப்புகிறோம். இம்முறை அட்டவணையையும் இணைத்திருக்கிறோம். தோழர்களே! உங்கள் ஊரிலும் தெருக்கள் உண்டு. உங்கள் கையிலும் எழுதுகோல் உண்டு. கூட்டம் முடிந்து மேடையைப் பிரித்தபின், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வீடு வீடாகச் செல்லுங்கள். தண்ணீருக்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். கொடுத்த தண்ணீரைக் குடியுங்கள். பிறகு எழுதுங்கள்.