ஆள் அறியும் கல்வி

வேலை தேடி அலைவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். வேலைக்கு ஆள் தேடி அலைவோரும் உலகில் உண்டு. இவ்விரு திறத்தாரையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்து, சேர்ந்தவரைப் பழக்கி, அவர்க்குரிய ஊதியமும் ஓய்வும் முறைப்படி கிடைக்குமாறு பார்த்து, மனத்தாங்கல் நேரின் அதனையும் தீர்த்துவைப்பது ஒரு தனித் தொழில். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் இத்தொழிலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதனை மனிதவளத் துறை என வழங்குகின்றனர். என் தம்பி மகள் வணிகவியலில் பட்டம் பெற்றபின், அத்துறைக்குரிய கல்வியை வேறு ஊருக்குச் செல்லாமலே, எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் அமர்ந்து, இணையத்தின் வழியே பயின்றாள். இலக்கணம் கற்பித்தே தலை நரைத்த எனக்கு, அக்கல்வியை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு ஓராண்டுக் காலம் கிடைத்தது.

நடுவண் அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய சுவயம் என்னும் இணையத்தளத்தில் இத்தகைய பாடங்கள் பல உள்ளன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தின் பாடங்களும் அத்தளத்தின் வழியே கிடைக்கின்றன. பாடம் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோரே பணம் கட்டுதல் வேண்டும். என் தம்பி மகள் எடுத்துக்கொண்டது பன்னிரண்டு வாரப் பாடம். வாரந்தோறும் பேராசிரியரின் உரைகள் அரைமணி அளவாகப் பகுக்கப்பட்டு வந்தன. உரைகளைக் கேட்டு முடித்ததும் ஒப்படைப்பு ஒன்று எழுதி, குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண். இறுதித் தேர்வுக்கு 75. இறுதித் தேர்வை வீட்டில் இருந்தவாறே எழுத இயலாது. அடையாளச் சான்றுடன் தேர்வு மையத்திற்கு நேரில் சென்றாக வேண்டும்.

தொலைவிலிருந்து கற்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் பலர் அஞ்சலில் வந்த பாடங்களைப் படித்தே பட்டம் பெற்றனர். மழைக்காலத்தில் பாடம் வரத் தாழ்க்கும். தேர்வு மட்டும் தாழ்க்காமல் வரும். திரையில் வரும் பாடத்திற்கு அக்குறை இல்லை. ஆயினும், அஞ்சல் பாடத்திற்கு இல்லாத பகை ஒன்று இதற்கு உண்டு. பாடத்தைக் காட்டும் அதே கருவி பாட்டையும் கூத்தையும் காட்டும். விரலை அசைத்தால் போதும். இதற்கு அவள் கண்டுபிடித்த மாற்று எளியது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவாள். கைப்பேசியை அடுக்களையில் வைத்துவிடுவாள். பழைய மடிக்கணினி ஒன்றில் உரையைக் கேட்டு, பேனாவால் ஏட்டில் குறிப்பெழுதுவாள். எழுதாமல் கேட்டது கேட்ட மாத்திரத்தில் கரைந்துபோகும் என்பது அவள் சொன்னது, நான் சொல்லிக்கொடுத்ததன்று.

இத்தொழிலை அவள் ஏன் தேர்ந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். என் தம்பி பஞ்சாலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்தவன். ஒருநாள் ஆலை மூடப்பட்டது. வருங்கால வைப்புநிதியில் தன் பெயரால் சேர்ந்திருந்த தொகையைக் கேட்டு அவன் விண்ணப்பித்தான். ஆலையின் பதிவேட்டில் அவன் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒருவாறு இருந்தன. அடையாள அட்டையில் வேறொருவாறு இருந்தன. தந்தை பெயரின் முதலெழுத்தும் மாறியிருந்தது. ஏட்டில் எழுதியவர் யாரோ. அதற்காக அலைந்தவன் என் தம்பி. ஆலை அலுவலகம் பூட்டிக் கிடந்தது; திருத்தத்திற்குச் சான்று தர வேண்டியவர் எந்த ஊரில் இருந்தார் என்பதே தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. முடிவில், அவ்வாலையில் ஆள் கணக்கு எழுதிவந்த முதியவர் ஒருவர் வேறோர் ஊரில் இருப்பதாகக் கேள்வியுற்று, பள்ளிக்கு விடுமுறையாயிருந்த மகளையும் அழைத்துக்கொண்டு அவரைத் தேடிச் சென்றான். அம்முதியவர் முழுவதையும் கேட்டார். தாம் சேமித்து வைத்திருந்த குறிப்பேட்டைத் தேடி எடுத்தார். மறுநாள் இவர்களோடு பேருந்தில் ஏறி வந்து, காண வேண்டியவரைக் கண்டு, காரியத்தை முடித்துவைத்தார்.

“அவர் எங்களை உட்காரச் சொன்னார், பெரியப்பா! அதுவரை அப்பாவை யாரும் உட்காரச் சொன்னதில்லை” என்று அவள் என்னிடம் கூறியதுண்டு. வைப்புநிதிச் சட்டம் 1952இல் வந்தது என்பதும், அதன் பிரிவுகள் இன்னவை என்பதும் அவள் பின்னாளில் கற்றவை. அந்த நாற்காலி அவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே பாடமாயிற்று.

உரைகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவளோ பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்றவள். ஆதலால், புதிய சொல் ஒவ்வொன்றும் என்னிடம் வந்து சேரும். ஆட்சேர்ப்பு, குறைதீர்ப்பு, பணித்திறன் மதிப்பீடு என்பவற்றை எளிதில் தமிழாக்கினோம். ‘அட்ரிஷன்’ என்றொரு சொல் எங்களை நிறுத்தியது. ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக வேலையை விட்டு நீங்கிக் குறைவதை அச்சொல்லால் குறிக்கின்றனர். அதன் வேர்ப்பொருளோ உரசித் தேய்தல். “செருப்புக்கும் சக்கரத்துக்கும் சொல்லும் சொல்லை மனிதருக்கும் சொல்லலாமா?” என்று அவள் வினவினாள். ‘பணிவிலகல்’ என்று எழுதுமாறு கூறினேன். அவள் அவ்வாறே எழுதி, பக்கத்தில் ‘தேய்மானம்’ என்றும் பென்சிலால் குறித்துக்கொண்டாள்; விலகுவோர் பலர் தேய்ந்துபோன பின்னரே விலகுகின்றனர் என்பது அவள் எண்ணம்.

துறையின் பெயரைப் பற்றி எனக்கே ஓர் ஐயம் உண்டு. நிலவளம், நீர்வளம், கனிமவளம் என்கிறோம். இவை எடுத்தாளத் தக்கவை. எடுக்க எடுக்கக் குறைபவையும் இவற்றுள் உண்டு. இவ்வரிசையில் மனிதனையும் நிறுத்தலாமா? அமெரிக்க அறிஞர் பீட்டர் டிரக்கர் 1954இல் எழுதிய மேலாண்மை நூலில் மனிதரை வளம் என்னும் கருத்தை வற்புறுத்தினார். மனிதரைச் செலவாக எண்ணாமல் செல்வமாக எண்ணுக என்பதே அக்கருத்து எனின் குறையில்லை. எனினும், தமிழில் ‘ஆள்’ என்பது நல்ல சொல். அது மனிதனையும் குறிக்கும். ஆளுதல் என்னும் வினைக்கும் அதுவே அடி. ஆளைக் கூலிக்கு அமர்த்துவோரும் ‘ஆள்’ என்றே சொல்லியாக வேண்டும்!

பாடத்தில் வரலாற்றுப் பகுதியே என்னை மிகவும் ஈர்த்தது. இராபர்ட் ஓவன் என்பார் 1800இல் ஸ்காட்லாந்து நாட்டு நியூ லனார்க் என்னும் ஊரிலிருந்த பஞ்சாலைகளின் நிருவாகத்தை ஏற்றார். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்குச் சேர்ப்பதை அவர் நிறுத்தினார், பள்ளி நிறுவினார். அமெரிக்காவிலிருந்து பஞ்சு வருவது தடைப்பட்ட காலத்தில், ஆலை நான்கு மாதம் ஓடாது நின்றது. அந்நான்கு மாதத்திற்கும் முழுக் கூலியை ஓவன் கொடுத்தார். இதனைக் கேட்டபோது என் தம்பி ஒன்றும் பேசாமல் எழுந்து கொல்லைப்புறம் சென்றான். சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நிகழ்ந்த ஆய்வுகளும் பாடத்தில் இடம்பெற்றன. விளக்கொளியைக் கூட்டியபோது வேலை மிகுந்தது. குறைத்தபோதும் வேலை மிகுந்தது. தம்மை ஒருவர் கருத்தோடு நோக்குகிறார் என்னும் உணர்வே காரணமாகலாம் என்றனர். பின்வந்தோர் அம்முடிவை மறுத்தும் எழுதியுள்ளனர்.

நம் நாட்டுச் செய்தியை நான் சேர்த்துச் சொன்னேன். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதற்கு முன்னின்றோருள் ஒருவர் திரு.வி.க. அவர் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தவர். ஆலைத் தொழிலாளருக்கு அழகிய தமிழில் பேசலாம் என்பதை அவர் காட்டினார்.

இன்னொன்றும் கூறினேன். ஒரு வேலைக்கு உரியவர் யார், உரியரல்லாதார் யார் என வரையறுத்து எழுதுமாறு ஓர் ஒப்படைப்பு வந்தது. திருக்குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்கள் ஆளைத் தேர்வதைப் பற்றியனவே. மேடைதோறும் அவற்றை எடுத்துரைப்பதால் அவற்றை விடுத்து, உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைவூட்டினேன். அவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகள் அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டன. பிந்திய கல்வெட்டின்படி, வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால்வேலி உடையவராதல் வேண்டும். சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் ஆகார். அவருடைய உறவினரும் ஆகார். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவரும் ஆகார். தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, முப்பது குடும்புகளுக்கும் தனித்தனிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். ஒன்றும் அறியாத சிறுவன் ஓலை எடுப்பான். அதனை வாங்குபவர் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்குதல் வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருக்கலாகாது என்னும் கருத்தைப் பாருங்கள்!

அவள் நெடுநேரம் எண்ணியிருந்து, “கணக்குக் காட்டாதவர் ஆகார் என்ற விதி நன்று, பெரியப்பா. ஆனால், கால்வேலி இல்லாதவர் பெயர் குடத்துக்கே வரவில்லையே!” என்றாள். உண்மை. நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அக்குடம் உரியதாயிருந்தது. அந்நிலத்தை உழுதவன் பெயர் அதில் விழ இடமில்லை. தகுதி என்று எழுதும் ஒவ்வொரு வரியும் சிலரை உள்ளே விடும், சிலரை வெளியே நிறுத்தும் என்று அவள் ஒப்படைப்பில் எழுதினாள்.

திரைப் பாடத்தின் குறை ஒன்றையும் நாங்கள் கண்டோம். உரைகள் முன்னரே பதிவானவை. 500 பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும் என்ற 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தைப் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் வெளியே நிலை மாறிவிட்டது. 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருக்கி அமைத்த நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. புதிய தொகுப்பில் அவ்வெண்ணிக்கை 250 ஆகக் குறைந்தது. திரையில் உள்ளவர் இதனை அறிந்து திருத்திக் கூற இயலாது. வகுப்பறை ஆசிரியராயின் மறுநாளே கூறியிருப்பார். ஆதலின், அவள் அரசிதழைத் தேடி எடுத்து, பழைய விதிக்கு எதிரே புதிய விதியைச் சிவப்பு மையால் எழுதிவைத்தாள்.

நல அலுவலர்க்குரிய பழைய விதிகளில், தொழிலாளருள் பெரும்பாலார் பேசும் மொழியை அவர் அறிந்திருத்தல் வேண்டும் என்றொரு வரி பல மாநிலங்களில் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த வரி அது. தமிழ்நாட்டு ஆலைகளில் இன்று ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசுவோர் ஆயிரக்கணக்கில் வேலை செய்கின்றனர். அவள் ஒடியாவில் ‘உட்காருங்கள்’ என்பதற்கு என்ன சொல் என்று எங்கோ கேட்டு எழுதிவைத்திருந்தாள். தமிழாசிரியனாகிய நான் அதனைக் கண்டு மகிழ்ந்தேன்.

நேர்காணல் செய்யவும் பழக வேண்டுமே. அதற்குத் திரை போதாது. நானே வேலை கேட்டு வந்தவனாக எதிரே அமர்ந்தேன். பின்னர் அவள் தந்தையின் பழைய நண்பர்களை ஞாயிறுதோறும் சென்று கண்டு, அவர்கள் பார்த்த வேலைகளைப் பற்றிக் கேட்டு எழுதினாள். ஐம்பது வயதுத் தறிகாரர் ஒருவர், தம் வேலையைப் பற்றி இதுவரை எவரும் தம்மைக் கேட்டதில்லை என்று கூறி, இரண்டு மணி நேரம் பேசினாராம். குறுக்கிடாமல் கேட்பது எத்துணைக் கடினம் என்று வீடு திரும்பியதும் சொன்னாள்.

தேர்வில் தேறினாள். சான்றிதழ் ஒன்றே வேலை தந்துவிடவில்லை. ஆறேழு இடங்களில் மறுத்தனர். இப்போது திருப்பூரில் பின்னலாடை ஆலை ஒன்றில் பயிற்சியாளாக இருக்கிறாள். தொழிலாளர் பெயர்களை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதே அவளுக்குத் தந்த முதல் வேலை. சென்ற வாரம் இரவில் என்னைக் கைப்பேசியில் அழைத்தாள். ஒரு பெண்ணின் பெயரில் உள்ள ழகரத்தைப் பதிவேட்டில் ஓர் எழுத்தாலும், அட்டையில் இரண்டு எழுத்தாலும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கின்றனராம். எது சரி என்று கேட்டாள். ஒலிக்கு நெருங்கியது எது என்று மட்டும் நான் சொன்னேன்.

“இருங்கள், பெரியப்பா. அந்த அக்கா எப்படிக் கையெழுத்திடுகிறார் என்று அவரையே கேட்டுவிட்டு எழுதுகிறேன்” என்று கூறி வைத்துவிட்டாள். அப்போது மணி எட்டரை. இரவுமுறைத் தொழிலாளர் உள்ளே வரும் நேரம்.