சிக்கெடுக்கும் கை

கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் வழக்காடிய கதையை நம்மில் அறியாதவர் இல்லை. இறைவனே இறங்கி வந்து வாதாடினான் என்பார்கள். நக்கீரர் நெற்றிக்கண்ணுக்கும் அஞ்சவில்லை என்பார்கள். அத்தனை பெரிய சபையில், அந்தக் கூந்தலைக் கழுவி உலர்த்திச் சிக்கெடுத்தவள் யார், அதற்கு எத்தனை குடம் தண்ணீர் அள்ளினாள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கூந்தல் என்றால் இலக்கியம்; மயிர் என்றால் வீட்டுவேலை. நான் எழுதப் புகுந்தது இரண்டாவதைப் பற்றி.

கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியை ஒட்டிய கிராமம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கருப்பையில் வளர்ந்த கட்டிகளுக்காகச் சத்திரசிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. மாதாமாதம் பெருகிய உதிரப்போக்கினால் இரத்தம் வற்றி, எழுந்து நின்றால் கண் இருளும் நிலையில்தான் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். இலவச வைத்தியம் இந்நாட்டில் இன்னும் நிலைத்திருப்பதால், சத்திரசிகிச்சைக்கென்று ஒரு சதமும் கொடாமல் உயிரோடு மீண்டேன். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

என் தலைமயிர் சுருட்டை. பள்ளிக்கூட நாட்களில் அதற்குப் 'பரட்டை' என்று பெயர். பார்ப்பதற்கு முரட்டு மயிர்போலத் தோன்றினும் சுருட்டைமயிர் மிக எளிதில் ஒடிவது. மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வளைந்திருப்பதால் இழை உருண்டையாக வராமல் நாடாவைப்போலத் தட்டையாக வருகிறது. அது திரும்பும் ஒவ்வொரு வளைவும் முறியக்கூடிய இடம். தலைத்தோலில் ஊறும் நெய்ப்பு நேரான மயிரில் நுனிவரை வழுக்கிச் செல்லும். சுருளில் அது பாதி வழியிலேயே நின்றுவிடும். ஆகவே வேர் எண்ணெய்ப்பிடியாக இருக்கும்போதே நுனி வைக்கோலாக இருக்கும். இத்தகைய தலையோடு ஒன்பது நாள் மல்லாந்து கிடந்தால் என்னவாகும்? பிடரியில் ஒரு சடை விழுந்தது. கையைத் தலைக்குமேல் உயர்த்தினால் வயிற்றுத் தையல் இழுக்கும். சீப்பு எட்டும் தூரத்திலேயே கிடந்தது, கை எட்டவில்லை.

பார்க்க வந்த உறவினர் எல்லாரும், "வெட்டிவிடு, சுகம்" என்றார்கள். அடுத்த கட்டிலில் என் வயதொத்த பெண் ஒருத்தி. கச்சான் பிடுங்கும் கூலிவேலைக்குப் போகிறவள். அவளுக்கும் சுருட்டைமயிர்தான். அவளிடமும் அதையே சொன்னார்கள். அவள் தலையை அசைத்து, "கட்டை மயிரோடை ஒருக்கா நிண்டது போதும்" என்றாள். 2009 ஆம் ஆண்டு வன்னியிலிருந்து சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்த பெண்களில், கட்டையாக வெட்டிய மயிர் உடையவர்கள் எவ்வாறு பார்க்கப்பட்டார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நானும் கேட்கவில்லை.

வீடு திரும்பியபின் எனக்குக் கை கொடுத்தவர் எங்கள் வேலிக்கு அடுத்த மாமி. உறவு ஒன்றும் இல்லை. ஊரார் எல்லாரும் மாமி என்பதால் நானும் மாமி என்பேன். முதல் நாள் சீப்பை எடுக்கவே இல்லை. தேங்காயெண்ணெயைக் கையில் சூடேறத் தேய்த்து, சடையின் நுனியிலிருந்து மேல்நோக்கி விரலாலேயே இழை இழையாகப் பிரித்தார். வேர்ப்பக்கத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் நுனியைப் பிரித்தால் இழுப்பு தோலுக்குப் போகாது. அந்தச் சடை அவிழ நான்கு பின்னேரங்கள் ஆயின. பின்னர்தான் அகன்ற பல் சீப்பு. அதுவும் மயிர் ஈரமாகவும் எண்ணெய்ப்பிடியாகவும் இருக்கும்போது மட்டும். உலர்ந்த சுருட்டைமயிரைச் சீவுவது நூலை அறுப்பதற்குச் சமம்.

தலை கழுவுவதில் எங்களுக்குள் சிறு சண்டை. நாற்பத்தொரு நாள் தலையில் தண்ணீர் படக்கூடாது என்பது ஊரார் பத்தியம். காயம் நனையாதிருக்க வேண்டும் என்பதே வைத்தியர் சொன்னது. தலையை அவர் தடுக்கவில்லை. ஒருவாறு, வெந்நீர் என்றால் சரி என்று மாமி இறங்கி வந்தார். கிணற்றடியில் வாங்கைப் போட்டு, என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு வார்த்தார். "பிள்ளை, கழுத்தை இறுக்காதேங்கோ, பாரத்தை என்ரை கையிலை விடுங்கோ" என்பார். எங்கள் கிணற்று நீர் வன்னீர். சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து மயிரில் வெண்பூச்சாக ஒட்டிக்கொள்ளும். இலுப்பைப் பிண்ணாக்கை அரைத்துச் செய்யும் அரப்புக்கு அந்தக் குறை இல்லை. எந்த நீரிலும் அழுக்கைக் கழற்றும். கண்ணில் பட்டால் எரியும் என்பது வேறு கதை. இப்பொழுது கடைகளில் நூறு விதமான போத்தல்கள் விற்கின்றன. குளக்கரையில் உதிர்ந்து கிடக்கும் இலுப்பைக் கொட்டையைப் பொறுக்க ஆளில்லை.

ஒரு முழுக்குக்கு மூன்று நான்கு வாளி வேண்டும். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நீர் நிறைந்த வாளி பாரம் இல்லையா? எனக்கு மாமி அள்ளினார். பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் வரட்சிக் காலங்களில் யார் யாருக்கு அள்ளுவது?

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையை நான் அந்த வாங்கில் கிடந்துதான் புதிதாக எண்ணிப் பார்த்தேன். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் மூதாட்டி ஒருத்தி வந்தாள், கடல்நீரில் விளக்கெரித்தாள், பிறகு தலை கடிக்கிறது, பேன் பார்த்து விடுங்கள் என்றாள். மயிரை விலக்கிய பிள்ளைகள் அவள் தலை நிறையக் கண்களைக் கண்டார்கள் என்று சொல்லுவார்கள். மதுரையில் தலைவிரிகோலமாக நீதி கேட்டவள், கோபம் ஆறி வன்னிக்கு வந்ததும் முதலில் தேடியது தலை பார்த்துவிட ஒரு கையை! ஊரார் உப்புநீர் விளக்கையே அற்புதம் என்கிறார்கள். எனக்கு மற்றதுதான் பெரிதாகப் படுகிறது.

சுருட்டைமயிருக்குப் பருத்தித் தலையணை ஆகாது. அது எண்ணெயையும் உறிஞ்சி இழையையும் உரசும். பட்டுத்துணி விரித்தால் நல்லது என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். மாமி சிரித்தார். அவருடைய கூறைச்சேலை 2009 இல் மண்மூட்டையாகிப் போயிற்று. கடற்கரை மணலில் பதுங்குகுழி நிற்காது என்பதால், முள்ளிவாய்க்காலில் சேலைகளையெல்லாம் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். கல்யாணச் சேலை, பொன்னாடை என்ற பேதம் அங்கே இருக்கவில்லை. மறுநாள் பழைய சாட்டின் பாவாடை ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்து என் தலையணையில் சுற்றினார். அது நன்றாகவே வேலை செய்தது.

கிழமையில் ஒருநாள் மாமி வரமாட்டார். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலருகே 2017 பெப்ரவரி 20 ஆம் நாள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்துக்கு, மகனின் படத்தோடு பஸ் ஏறிப் போய்விடுவார். போகிற அன்று தன் தலையை எண்ணெய் வைத்து ஒரு மயிர் பிசகாமல் வாரிக் கட்டுவார். "தலைவிரிச்சு நிண்டால் படம் பிடிக்கிற ஆக்களுக்குச் சந்தோசம், பிள்ளை. நான் கட்டிக்கொண்டுதான் போவன்."

மூன்றாம் மாதம் மயிர் கொட்டத் தொடங்கியது. காயம் ஆறிவிட்டது, வேலைக்குப் போகிறேன், இப்போது ஏன் என்று திகைத்தேன். அரப்பைச் சிலரும் வெந்நீரைச் சிலரும் கண்ணூறைச் சிலரும் குற்றம் சொன்னார்கள். உண்மை வேறு. நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு மயிர் உதிர்வது எவர்க்கும் வழக்கம். பெரிய சத்திரசிகிச்சை, கடுங்காய்ச்சல், பிரசவம், இரத்த இழப்பு போன்றவை நேரும்போது, உயிருக்கு அவசியமில்லாத மயிரைத்தான் உடம்பு முதலில் கைவிடுகிறது. வளர்ந்துகொண்டிருந்த பல மயிர்க்கால்கள் ஒரே வேளையில் ஓய்வுக்குப் போகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து இழையை விடுகின்றன. இன்று சீப்பில் வருவது அன்று கட்டிலில் கிடந்தபோதே கைவிடப்பட்ட மயிர். உதிர்ந்த இழையின் அடியில் சிறு வெண்முனை இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். முனை இல்லாமல் துண்டாக இருந்தால் அது முறிந்தது. சீப்பைத்தான் கண்டிக்க வேண்டும். நான் பல நாள் வெள்ளைத் தாளில் அடுக்கிப் பார்த்தேன். பெரும்பாலும் வெண்முனைதான்.

சுருட்டைமயிர் சோறு போடும் என்பது பழமொழி. எங்கள் வீட்டில் மயிருக்குத்தான் சோறு போட வேண்டியிருந்தது. தந்த இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்ரீயோடு விழுங்குவது நம்மவர் வழக்கம். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்தால் சேரும். பத்தியம் என்று விலக்கிய மீனையும் முட்டையையும் மீண்டும் சட்டியில் ஏற்றினோம். முருங்கையிலை வறையும் பயறும் சேர்ந்தன. ஆறேழு மாதத்தில் நெற்றியோரம் சிறு சுருள்கள் எழும்பி நின்றன.

எனக்கு லீவு இருந்தது, சம்பளம் இருந்தது, மாமி இருந்தார். மூன்றாம் மாதக் கிளினிக்கில் அந்தக் கச்சான்காரியைக் கண்டேன். பத்தொன்பதாம் நாளே வேலைக்குப் போய்விட்டாளாம். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். கூலிக்குப் போகிறவளுக்கு ஆறு கிழமை ஓய்வை எழுதிக்கொடுக்கிற துண்டு இருக்கிறது. அந்த ஆறு கிழமைக்கு அரிசி கொடுக்கிற துண்டு இல்லை. தலையில் சால்வை சுற்றியிருந்தாள். சிக்கெடுக்க ஆளில்லாமல் சடை இறுகிக் கல்லாகி, கடைசியில் தானே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள்.

"முளைக்குமோ டீச்சர்?" என்று கேட்டாள்.

மாதம் ஒரு சதமமீற்றர் அளவில் வளரும் என்றேன். கொண்டை கட்ட எவ்வளவு காலம் என்றாள். இரண்டு வருஷம் என்று கணக்குச் சொன்னேன். அவள் விரலை மடித்துத் தனக்குள் வேறொரு கணக்குப் பார்த்தாள்.

"அதுக்குள்ளை நாலு தரம் கச்சான் புடுங்கிப் போடலாம்" என்றாள். அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.